காத்து ஆகாதவள்

"பத்துதுங்க சித்தி, நல்லாவே பத்துது" என்று அக்காள் மகள் சஷ்டிகா சொன்னபோதே கோகிலாவுக்குத் தெரிந்துவிட்டது, பத்தவில்லை என்று. இடம் பத்துகிற பிள்ளை பத்துகிறதென்று சொல்லிக்கொண்டா இருக்கும்? கம்மென்று காலை ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். இவளானால் அந்த வெள்ளைக் காரின் பின்சீட்டில், இந்தப் பக்கம் தருணின் குழந்தை சீட்டு, அந்தப் பக்கம் தாரிணியின் குழந்தை சீட்டு, ரெண்டுக்கும் நடுவே தோளைக் குறுக்கிக்கொண்டு, கையிரண்டையும் முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, பஸ்ஸில் அடுத்தவர் மேலே இடித்துவிடக் கூடாதே என்று பயந்து உட்கார்ந்த பெரிய மனுஷி கணக்காக இருந்தாள். ஒன்பது வயசுக்கு இத்தனை மரியாதை ஆகாது. ஷோரூம் பெண் பிரின்ஸி குனிந்து பார்த்துவிட்டு, "பாப்பா அழகா அட்ஜஸ்ட் பண்ணிக்கிச்சு பாருங்க மேடம்" என்றாள். நல்ல பெண்தான், சிரித்த முகம், வந்ததும் தண்ணி கொடுத்தாள், ரெட்டைப் பிள்ளைகளின் பேரைக் கேட்டு ஒருமுறை கூட மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அட்ஜஸ்ட் என்ற அந்தச் சொல் முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி கோகிலாவின் தொண்டையில் நின்றுகொண்டது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இடுப்பில் தாரிணி கனத்தாள். ரவிக்கைத் தோளெல்லாம் அவள் எச்சில். புருஷன் பூபதியின் தோளில் தருண் தூங்கிப் போயிருந்தான். "இருவத்திமூணு குடுக்கும் அம்மிணி, லிட்டருக்கு இருவத்திமூணு!" என்று பூபதி, பிள்ளை முழிக்காமல் இருக்க, கோயிலில் மந்திரம் சொல்கிற குரலில் சொன்னான். பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் பம்ப் கம்பெனிக்குத் தினமும் காரில் போய்வருகிற மனுஷன், மைலேஜ் மைலேஜ் என்று உருகாமல் வேறென்ன செய்வான், பாவம். "நாலரைக்கு ராகுகாலம் பொறக்குது, அதுக்கு முன்னால அட்வான்ஸ் குடுத்துப் போடலாம்" என்றும் சொன்னான். கோகிலா தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை எதற்கு ஆடியதென்று அவளுக்கே தெரியவில்லை.

குழந்தை சீட்டு வாங்கினதே ஊருக்கெல்லாம் சிரிப்பாகப் போயிற்று. பெத்தவள் மடி இருக்கிறப்போ பிள்ளைக்கு எதுக்கு நாற்காலி என்று கேட்காத சொந்தம் இல்லை. அவளும்தான் அப்படி நினைத்திருந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் பிள்ளை நெஞ்சுக்கு முன்னால் ஒரு கையை நீட்டிவிட்டால் தீர்ந்தது, உலகத்தில் எல்லாத் தாயும் அப்படித்தான் போகிறாள் என்று. கிணத்துக்கடவு தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது, நீட்டின கை நீட்டினபடியே இருக்கும், பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும் என்று. தருணுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான், ஐஸ் வைத்ததும் வடிந்துவிட்டது, ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, டொக்கென்று, கதவு சாத்தினாலும் கேட்கிறது, தேங்காய் உடைத்தாலும் கேட்கிறது. மறுநாளே ரெண்டு சீட்டு வாங்கிப் பழைய சின்னக் காரில் பூட்டியாயிற்று. பூட்டின அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பின்சீட்டு நிறைந்துபோனது யார் கண்ணிலும் படவில்லை, அவள் கண்ணிலும்கூட. சஷ்டிகா கண்ணில் மட்டும் பட்டிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை, "நான் வல்லீங்க சித்தி, ஹோம்வொர்க் இருக்குது" என்றாள். அடுத்த வாரம் கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது வயிறு வலி. அதற்கடுத்து மாசாணியம்மன் கோயிலுக்கு, "அங்க கூட்டமா இருக்குமுங்க, நான் பக்கத்துல ராதாமணியக்கா வீட்டுல இருந்துக்கறேன்." ஒரு பிள்ளை எத்தனை விதமாக வரமாட்டேன் என்று சொல்ல முடியும்! அத்தனை விதமாகவும் சொன்னாள், ஒருதரம்கூட இடமில்லை என்று சொல்லவில்லை. போன வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே, ரொம்பச் சாதாரணமாக, ரசம் போடுங்க என்கிற மாதிரி, "அத்தை சொன்ன ஆஸ்டல்லயே என்னைச் சேத்தி உட்ருங்க சித்தி, உங்களுக்கும் செரமம் இருக்காது" என்றாள். அவள் அப்பாவோடு பிறந்த கரூர் அத்தை போனில் சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது. அன்று ராத்திரியே கோகிலா பூபதியிடம் சொல்லிவிட்டாள், ஏனுங்க, பெரிய கார் வாங்கியே ஆகோணும், இந்தப் புள்ளை உக்கார எடமில்லாமப் போயித்தான் ஆஸ்டல்ங்குது என்று. அவனும் உடனே சரியென்றான். இப்போது பெரிய கார் முன்னால் நிற்கிறது, டிக்கி வைத்து, பளபளவென்று, பிள்ளை இன்னும் இடமில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆஸ்டலுக்குப் போனால் யார் தலை பின்னி விடுவார்கள்? அக்காள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காய்ச்சலில் உதடெல்லாம் வெடித்துக் கிடந்தபோது, வீட்டைப் பார்த்துக்கோ, மகளைப் பார்த்துக்கோ என்றெல்லாம் கலையக்கா சொல்லவில்லை, "சஷ்டிக்கு இறுக்கிப் பின்னாதடி, அவ வலிக்குதுன்னு சொல்லமாட்டா" என்றுதான் சொன்னாள். ரெண்டே நாளில் பிளேட்லெட் குறைந்தது என்றார்கள், அப்புறம் எதுவும் சொல்லவில்லை, கதவை மட்டும் திறந்துவிட்டார்கள். மாமா குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். மாசம் தவறாமல் வீடியோவில் வருவார், மகள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோகும், இவளே "சாப்டீங்களாப்பா" என்று கேட்டு ஆரம்பித்து வைப்பாள். அப்படிப்பட்ட பிள்ளை. கோகிலா தினமும் தளரத்தான் பின்னுகிறாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாதி அவிழ்ந்து கிடக்கும், டீச்சர் திட்டுவாராம், திட்டட்டும். ஆனால் தலைபின்னுவது ஒரு பெரிய காரியமா? யார் வேண்டுமானாலும் பின்னலாம். ராத்திரி படுத்தால் கோகிலாவை ஒரு பயம் வந்து பிடித்துக்கொள்கிறது, யாரிடமும் சொல்ல முடியாத பயம், பூபதியிடம்கூட. திடீரென்று ஒரு ஆபத்தென்றால், யோசிக்க நேரமே இல்லாத ஆபத்தென்றால், என் கை யாரைப் பிடிக்கப் போகும்? பெற்றது ரெண்டு இருக்கிறது, சரி. அக்காள் மகள்மேல் பாசம் இல்லையா, உசுராகத்தான் இருக்கிறாள். ஆனால் கைக்குத் தெரியுமா அது? கை நம்மைக் கேட்டுக்கொண்டா போகிறது? இப்படி நினைத்து நினைத்தே, பகலில் சஷ்டிகாவுக்கு மற்றவர்களைவிட எச்சாக ஒரு முட்டை வைக்கிறாள், அவள் அதைத் தாரிணிக்குப் பாதி ஊட்டிவிடுகிறாள், அப்புறம் இவளுக்கு இன்னும் கஷ்டமாகப் போகிறது.

"மேடம், டிரைவ் போய்ப் பாக்கலாங்களா?" என்று பிரின்ஸி கேட்டாள். கோகிலா காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொள்வது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே? பெரியப்பா அம்பாஸிடர். பழனிக்குப் போகும்போதெல்லாம் பெரியவர்கள், பிள்ளைகள், புளிசோற்றுத் தூக்குப்போசி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, கால் வைக்கிற இடத்தில் நடுவே ஒரு மேடு இருக்கும், அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையிரண்டையும் முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு கலையக்கா. ஜன்னலோரம் எப்பவும் கோகிலாதான். கார் நகர்ந்ததும் வாந்தி எடுக்கிற உடம்பு அவளுக்கு, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுவார்கள். உடுமலை தாண்டினால் அந்தச் சிரமமும் போய்விடும், அதற்கப்புறமும் அவள் நகரமாட்டாள். நீயும் ஒருக்கா இந்தப் பக்கம் வாக்கா என்று ஒரே ஒருதரம் கேட்டது ஞாபகம் இருக்கிறது. "எனக்கு வேண்டாங்கண்ணு, எனக்குக் காத்து ஆகாது, தலை வலிக்கும்" என்றாள் அக்காள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவே இல்லை. கலைக்குக் காத்து ஆகாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விசயமாகப் போயிற்று, சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாத மாதிரி. மேடு இந்த வெள்ளைக் காரிலும் இருக்கிறது, கொஞ்சம் சின்ன மேடு. சஷ்டிகா அதன்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு ரெண்டு காலையும் வைத்திருந்தாள். நடுவில் மாட்டுகிற பெல்ட்டும் இடுப்புக்கு மட்டும்தான், தோளுக்கு இல்லை. "தோளுக்கு ஏங்க பெல்ட்டு இல்லை?" என்று கோகிலா கேட்டாள். "நடுவுல யாரும் அவ்வளவா உக்கார மாட்டாங்க மேடம்" என்றாள் பிரின்ஸி. யாரும் அவ்வளவாக உட்காராத இடத்தில்தான் எங்க பிள்ளை தினமும் உட்காரப் போகிறதாக்கும் என்று கோகிலா மனசுக்குள் கறுவினாள். வாய்விட்டு, "கண்ணு, நீ சித்தெ ஜன்னலோரம் உக்காந்து பாரு, தருண் சீட்டை எடுத்து வேற பக்கம் வெக்கலாமான்னு பாக்கறேன்" என்றாள். சஷ்டிகா அவசரமாகத் தலையை ஆட்டினாள். "வேண்டாங்க சித்தி. எனக்கு நடுவுலதானுங்க புடிக்கும். எனக்குக் காத்து ஆகாது, தலை வலிக்கும்."

யார் சொல்லிக்கொடுத்தது இதை? அக்காள் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள். இந்தப் பொய்யை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை போலிருக்கிறது, பாசம் மிகுந்த பிள்ளைகள் தானே கண்டுபிடித்துக்கொள்கின்றன. அக்காள் சொன்னதும் பொய்தான், சுத்தப் பொய். இத்தனை வருசமாக ஞாபகத்தில் எங்கேயோ கிடந்த ஒரு பஸ் இப்போது முன்னால் வந்து நின்றது. கலையக்கா காலேஜ் போகிற டவுன் பஸ். ஒருநாள் கோகிலா டியூசன் முடிந்து பின்படியில் ஏறினாள், கூட்டம், முன்னால் ஜன்னலோரம் அக்காள், இவள் ஏறியது அக்காளுக்குத் தெரியாது. தலையில் பாதி ஜன்னலுக்கு வெளியே. கண்டக்டர், "ஏம்மா, தலையை உள்ள வையி, கம்பத்துல அடிச்சுப்போடும்" என்று கத்துகிறார், அக்காள் சிரித்துக்கொண்டே உள்ளே இழுக்கிறாள், அவர் நகர்ந்ததும் மறுபடியும் வெளியே. மூடின கண், திறந்த வாய், முடியெல்லாம் பறக்கிறது. அன்றைக்கு இவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, அக்கா ஜாலியா இருக்கா என்று நினைத்துக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். காத்து ஆகாதாம்! அடி பாவி, காத்துன்னா உசுரு அவளுக்கு. பழனிக்கும் திருமூர்த்திமலைக்கும் அத்தனை வருசம் மேட்டின்மேல் காலை வைத்துக்கொண்டு, புளிசோற்றுப் போசியைக் கட்டிக்கொண்டு, தங்கச்சி வாந்தி எடுக்காமல் இருந்தால் போதும் என்று வந்திருக்கிறாள், அதையும் யாருக்கும் பாரமில்லாமல் ஒரு தலைவலியாகச் சொல்லிவிட்டு. ஷோரூம் ஏசியில் கோகிலாவுக்குக் கண் கரித்தது. தாரிணி அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கார் வேண்டாம்" என்றாள். பூபதி திரும்பிப் பார்த்தான். இருபத்திமூன்று கொடுக்கிற காரை வேண்டாம் என்று சொல்கிற வாயை அவன் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த வாய்க்கு மேலே இருந்த கண்ணையும் பார்த்தான். பக்கத்தில் நீலக் கார் நின்றது. நடு இடத்துக்கும் தோள்வரைக்கும் முழுப் பெல்ட் இருக்கிறதா என்று கோகிலா கேட்டாள். இருக்கிறது, ஆனால் மைலேஜ் பதினெட்டுத்தான் வரும் மேடம் என்றாள் பிரின்ஸி, சார் முகத்தைப் பார்த்துக்கொண்டே. கோகிலா தாரிணியைச் சஷ்டிகாவிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீலக் காரின் பின்சீட்டில் மண்டியிட்டாள். தருண் சீட்டை இடது ஓரத்தில் கட்டினாள். தாரிணி சீட்டை அதை ஒட்டி நடுவில் இறக்கினாள். "நடுவுலயா மேடம்? எல்லாரும் ரெண்டு ஓரத்துலதான் கட்டுவாங்க" என்றாள் பிரின்ஸி. "எல்லாருக்கும் எங்கூட்டு மாதிரி மூணு இருக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டே முழங்காலால் சீட்டை அமுக்கி, பெல்ட்டை விட்டு இழுத்தாள். பிஸ்கட் தூளெல்லாம் புதுச் சீட்டில் கொட்டியது. தூங்குகிற தருணை ஒரு தோளில் வைத்துக்கொண்டே பூபதியும் மறுபக்கம் வந்து இழுத்தான், பம்ப் போல்ட்டை முறுக்குகிறவன் இழுத்த இழுப்பில் சீட்டு அசையாமல் நின்றது. வலது ஓரம், முழு ஜன்னலோடு, காலியாக இருந்தது. கோகிலா அந்த இடத்தில் கையை வைத்துத் தட்டினாள். "ஏறு கண்ணு." சஷ்டிகா நின்ற இடத்திலேயே, "எனக்குத்தான் காத்து..." என்று ஆரம்பித்தாள். "கண்ணாடியைச் சாத்திக்கலாம், ஏறு." பூபதி போனை எடுத்து, தட்டிவைத்திருந்த கணக்கைக் கொஞ்சநேரம் பார்த்தான். பதினெட்டுக்கும் இருபத்திமூன்றுக்கும் நடுவில் இருக்கிற தூரம் அவனுக்கு நன்றாகத் தெரியும். போனைப் பைக்குள் போட்டான். "வாரத்துல ரெண்டு நாள் நான் பஸ்ஸுல போயிக்கறேன் அம்மிணி. எனக்கும் ஜன்னலோரம் உக்காந்து நாளாச்சு" என்றான். இவனுக்கு எப்படித் தெரிந்தது? ஒன்றும் தெரியாது, சும்மாதான் சொன்னான். அதற்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, ஷோரூமாகப் போயிற்று.

சாவியைக் கொடுக்க வந்த பிரின்ஸி காருக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அஞ்சு எடத்துலயும் நீங்களே இருக்கீங்களே சார், நான் எங்க உக்கார? சர்வீஸ் ரோட்டுலயே ஒரு சுத்துப் போயிட்டு வாங்க, லைசென்ஸை மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றாள். அஞ்சு. இதுவரை யாரும் இவர்களை அஞ்சு என்று எண்ணினதில்லை, நாலுபேர், கூட ஒரு பிள்ளை என்றுதான் சொல்வார்கள், கோகிலாவே கல்யாண வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறாள். வண்டி நகர்ந்தது. முன்சீட்டில் மடி காலியாக இருப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையைக் கட்டிக்கொண்டாள். வெயில் சாய்ந்து அடித்தது. பின்னால் தாரிணி ஏதோ பாடினாள், சஷ்டிகா அதற்குத் தாளம் போட்டாள். சரியாகத்தான் போகிறது, மெதுவாகத்தான் போகிறான், ஆனால் அந்த டொக், அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தப்புப் பக்கத்தில் ஒரு தண்ணிக்கேன் ஆட்டோ எதிரே வந்தது. பூபதி பிரேக்கை மிதித்தான். கோகிலா ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமே இல்லை. கை போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவே புகுந்து, இறுக்கிக் கட்டப்பட்ட தாரிணியைத் தாண்டி, அந்த ஓரத்தில் சஷ்டிகாவின் முழங்கையைப் பிடித்திருந்தது. சஷ்டிகாவின் கை எங்கே இருந்தது? அது தாரிணியின் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு இருந்தது. ஆட்டோக்காரன் சலாம் வைத்துவிட்டுப் போனான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றான் பூபதி. தருண் முழிக்கக்கூட இல்லை. கோகிலா பிடித்த கையை விடவில்லை, உடம்பை முறுக்கிக்கொண்டு, இடுப்பு சுளுக்கினாலும் பரவாயில்லை என்று அப்படியே இருந்தாள். இத்தனை நாள் ராத்திரியெல்லாம் பயந்தது இதற்குத்தானா? கைக்குத் தெரிந்திருக்கிறது, இந்தப் பாழாய்ப்போன மனசுக்குத்தான் தெரியவில்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ராகுகாலம் பொறந்துருச்சு" என்றான் பூபதி, கடிகாரத்தைப் பார்த்து. "பொறக்கட்டும், அட்வான்ஸ் நாளைக்குக் குடுத்தாப் போச்சு, இன்னொரு சுத்துப் போங்க" என்றாள் கோகிலா. வண்டி திரும்பியது. ஏசிக் காற்றுக்கு நடுவே வெதுவெதுப்பாக, மண்ணும் டீசலும் பக்கத்துப் பேக்கரியின் ரொட்டியும் கலந்த ஒரு காற்று அவள் பிடரியில் பட்டது. திரும்பினாள். வலது பக்கக் கண்ணாடி ஒரு சாண் இறங்கியிருந்தது. பொத்தானின்மேல் சஷ்டிகாவின் விரல். தளரப் பின்னின சடை பாதி அவிழ்ந்து பறந்தது, கண் மூடியிருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அக்கா, என்று கோகிலாவுக்கு வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். "ஏங்கண்ணு, காத்து ஆகாதுன்னியே?" சஷ்டிகா கண்ணைத் திறந்து திருடனைப் போல முழித்தாள். அப்புறம் சித்தியின் முகத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொண்டாளோ, "அது அந்தக் கார்லீங்க சித்தி" என்றாள். பூபதி சிரித்துவிட்டான். வண்டி கொஞ்சதூரம் போனது. பிறகு சஷ்டிகா வெளியே பார்த்துக்கொண்டே, ரசம் போடுங்க என்கிற அதே சாதாரணக் குரலில், "அடுத்த வருசம் அஞ்சாவது போறப்பவும் இந்தப் பக்கந்தானுங்களா எனக்கு?" என்று கேட்டாள். கோகிலாவின் குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது. "அஞ்சாவது என்ன அஞ்சாவது, காலேஜ் போறப்பவும் அதுதான் உன்ற எடம்." சஷ்டிகா பொத்தானில் மறுபடி விரலை வைத்தாள். "அப்ப இன்னுங் கொஞ்சம் எறக்கிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, மீதிக் கண்ணாடியையும் இறக்கினாள்.